ஏழாவது இணைப்பு

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தார் என்று அரசாங்கத் தாளில் எவனோ எழுதிவிட்டான். அவன் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இப்போது வேலூர் ஜெயிலில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் பிரபாவதி. காணைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அறுபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சோறு, முட்டை, பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் அலெக்ஸ் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து நாயக் பதவியோடு வெளியே வந்தவர். 2013 பிப்ரவரியில், வடக்கே பனிமலை மேல் ஒரு போஸ்ட்டில் இருந்தபோது, மண்ணெண்ணெய் கேனை முதுகில் சுமந்து வரும் வழியில் பனி சரிந்ததில் பள்ளத்தில் விழுந்தார். வலது முழங்காலும் இடுப்பும் நொறுங்கின. அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஸ்டோரில் உட்கார வைத்து வேலை வாங்கி, 2020-ல் அனுப்பி வைத்தார்கள். இப்போது விழுப்புரத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் காவல் வேலை. நாளெல்லாம் நிற்க வேண்டும். நிற்க முடியாத மனுஷனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்.

ஊன பென்ஷன் கேட்டு எழுதிப் போட்டதற்கு இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. எங்கள் மகள் மலர்விழி, திண்டிவனம் காலேஜில் இரண்டாம் வருஷம், உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி, படி."

"வேணாம்மா."

"படின்னா படி."

காயம் ராணுவப் பணியால் ஏற்பட்டதல்ல, சம்பவத்தின்போது மனுதாரர் மது அருந்தியிருந்தார். அதுதான் அந்த வரி.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. கிறிஸ்துமஸ் கேக்கில் ஒயின் ஊற்றியிருக்கிறதா என்று பேக்கரிக்காரனைக் கேட்டுவிட்டு வாங்குகிற மனுஷன் இவர். இவருக்குப் பதினோரு வயதிருக்கும்போது இவருடைய அப்பா கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனார். அதே நாளில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் என் மாமியார் சவுரியம்மாள், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து அப்பன் நெஞ்சின் மேல் வைத்து, "தொடமாட்டேன்னு சொல்லு" என்றாராம். சொன்னார். அவ்வளவுதான். இருமலுக்குக்கூட ஒரு மூடி பிராந்தி கிடையாது. முன்னாள் ராணுவத்தினருக்குக் கேண்டீனில் கிடைக்கிற பாட்டில் கோட்டாவை இதுவரை ஒரு மாசம்கூட வாங்கியதில்லை. அதற்காகவே என் தம்பி கோபிக்கு இவர் மேல் தீராத வருத்தம்.

அந்தக் கோபிதான் ஊரைக் கூட்டினான். கடிதத்தில் இருந்தது எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. கண்டமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், நூறு பேர் நடுவில் கேட்டான்:

"இன்னா மாமா, எங்களுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தர மனசு வர்ல. அங்க மட்டும் தனியா ஊத்திக்கினு ஸ்கேட்டிங் போனியா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அலெக்ஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபியின் இலையில் ரசத்தை ஊற்றுகிற சாக்கில் பாதியை அவன் மடியில் ஊற்றினேன். அவன் குதித்தான். எனக்கு மனசு ஆறவில்லை. எனக்குப் பென்ஷன் இரண்டாம்பட்சம். அந்த ஒரு வரி தாளை விட்டுப் போக வேண்டும்.

அப்பீல் போட்டோம். எட்டு மாசம் ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: அப்பீல் கமிட்டியின் பரிசீலனையில் உள்ளது, கூடுதல் ஆவணம் இருந்தால் ஜூன் பதினைந்துக்குள் அனுப்பலாம். எங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது? எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இவர் எப்படி விழுந்தார், யார் விசாரித்தார்கள், டாக்டர் என்ன எழுதினார், ஒரு துண்டுத் தாள்கூட எங்கள் கையில் இல்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெங்கடாசலம் என்று ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். முன்னாள் ராணுவத்தினர் யாருக்கு என்ன மனு என்றாலும் அவர்தான் டைப் அடித்துக் கொடுப்பார். மலரைக் கூட்டிக்கொண்டு போனேன். இவருடைய சர்வீஸ் பேப்பர், மெடிக்கல் பேப்பர், விசாரணைப் பேப்பர் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு மனு வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்பீல் ஓடிக்கினு இருக்குதும்மா. இந்த நேரத்துல போயி பேப்பரைக் குடுன்னு கேட்டா, நகல் எடுக்க ஃபைலைத் தூக்கிக்கினு போவான். கமிட்டி டேபிள்ல இருந்து ஃபைல் இறங்கிச்சுன்னா மறுபடியும் ஏர்றதுக்கு ஒரு வருசம் ஆவும். மேலே இருக்கறவனுக்கும் கோவம் வரும். முடிவு வரட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்."

"முடிவு வந்தப்புறம் அந்தப் பேப்பரை இன்னாண்ணே பண்றது? கல்லறைல வெச்சி மெழுகுவத்தி கொளுத்தறதா?"

"அது இல்லம்மா..."

"அந்தக் கால் அவருது. விழுந்தது அவரு. அதப் பத்தி எழுதின பேப்பரு மட்டும் அவருது இல்லியா? பரீட்சைல ஃபெயில்னு சொல்றான். பேப்பரைக் காட்டுடான்னா, ரிசல்ட்டு மாறினப்புறம் காட்றேன்றானா?"

வெங்கடாசலம் மலரைப் பார்த்தார். மலர், "எங்கம்மா இப்படித்தான் சார்" என்றாள்.

"பட்டாளத்துக்கு ஒன் அப்பனை எடுத்ததுக்கு ஒன் அம்மாவ எடுத்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திருப்பினார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். "சொந்தப் பேப்பரு, அதனால ஒன் வூட்டுக்காரர்தான் கையெழுத்துப் போடணும். நீ போட்டா செல்லாது."

கையெழுத்துத்தானே என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவதில் மன்னன். தெருவில் எவன் எந்த மனுவைக் கொண்டு வந்தாலும் போடுவார். கோபியின் ஆட்டோவுக்கு ஜாமீன் கையெழுத்தும் அவர்தான். ஒரு வரி படித்துப் பார்க்க மாட்டார். எனக்கும் அவருக்கும் இருபது வருஷமாக இதுதான் சண்டை. நான் அப்படி இல்லை. முட்டை அட்டை வந்தால் முப்பதையும் எண்ணி, உடைந்தது எத்தனை, அழுகியது எத்தனை என்று எழுதிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். "பட்டாளத்துல இப்படி எண்ணிக்கினு இருந்தா, நீ பேனாவத் தொறக்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும் பிரபா" என்பார். கையெழுத்துப் போடு என்றால் போடுவது, ஓடு என்றால் ஓடுவது. அதுதான் அவருக்குத் தெரியும்.

அந்த மனுஷன் இந்தத் தாளில் மட்டும் போட மாட்டேன் என்றார்.

"வேணாம். வுட்டுடு."

"ஏன்?"

"வுட்டுடுன்னா வுட்டுடு. அப்பீல் வந்தா வருது, வராட்டிப் போவுது. பழைய பேப்பரைக் கெளறாத."

மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே பதில். நான்காம் நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே பஸ் ஏறி ஏடிஎம் வாசலுக்குப் போனேன். அவர் ஊன்றுகம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க. நான் நிக்கிறேன்."

"பிரபா, இன்னா பேஜாரு இது? மேனேஜர் பாத்தாருன்னா..."

"வரட்டும், அவருகிட்டயும் சொல்றேன். நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இந்த ஏடிஎம்முக்கு நான்தான் காவல்."

நின்றேன். வந்தவர்கள் எல்லாம் என்னைக் கேட்டார்கள், பணம் இருக்கிறதா, ஐந்நூறு வருகிறதா, நூறு வருகிறதா என்று. எல்லாருக்கும் பதில் சொன்னேன். ஒரு பெரியவருக்குக் கார்டு எந்தப் பக்கம் சொருக வேண்டும் என்றுகூடக் காட்டிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனதும் அவர் கையை நீட்டினார். முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முகத்தைத் தூக்கவில்லை. "வர்றது வரட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஜல்தி ஜல்தியாகத் தலைமைத் தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

முப்பத்தெட்டாம் நாள் தடிமனாக ஒரு கவர் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். மலரும் நானும் தரையில் பரப்பி எண்ண ஆரம்பித்தோம். முதல் தாளில் பட்டியல்: இணைப்பு ஒன்று முதல் ஒன்பது வரை. மூன்றாவது இணைப்பை எடுத்த மலர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒரு பதிவேட்டின் நகல். அந்த போஸ்ட்டில் இருந்தவர்களுக்குச் சாயங்காலம் ஆளுக்கு ஓர் அளவு ரம் கொடுத்த பதிவேடு. பெயர், நம்பர், தேதி, கையெழுத்து. பிப்ரவரி ஒன்று, அலெக்ஸ். இரண்டு, அலெக்ஸ். மூன்று, அலெக்ஸ். விழுந்த தேதி வரைக்கும் ஒரு நாள் விடாமல் அலெக்ஸ். அந்த 'அ'வின் கொக்கியை எனக்குத் தெரியாதா? என் கல்யாணப் பதிவேட்டிலும் அதே கொக்கிதான். விசாரணை அறிக்கையில், இந்தக் கையெழுத்தை வைத்து மது அருந்தியதாக முடிவு செய்ததாக எழுதியிருந்தது.

அவர் வந்ததும் அந்தத் தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாருங்க போட்டது இது?"

பார்த்தார். "நான்தான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

அப்புறம் நான் சொன்னதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "ஒங்கப்பன் புத்தி எங்க போவும்" என்றேன். மலர், "அம்மா!" என்று கத்தினாள். அவர் கம்பைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். ஊர் சொன்னபோது நம்பாத நான், ஒரு தாளைப் பார்த்து நம்பிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. முட்டை போடுகிற நேரம். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நான்காம் வகுப்பு கலைப்பிரியா தட்டை நீட்டினாள், முட்டையை வாங்கினாள், என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். அவள் வழக்கம்போல் நேரே போய் இரண்டாம் வகுப்பில் இருக்கிற தம்பியின் தட்டில் முட்டையை வைத்துவிட்டு, தன் சோற்றைத் தின்ன உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டை வாடையே ஆகாது. வேண்டாம் என்று சொன்னால் தம்பிக்கு இரண்டு முட்டை கிடைக்காது என்று வாங்கிக்கொள்வாள். இரண்டு வருஷமாக எனக்கு இது தெரியும். ஆனால் என் பதிவேட்டைப் பார்க்கிறவனுக்கு, கலைப்பிரியா நூற்றுக்கணக்கில் முட்டை தின்றவள்.

கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. அடிப்பாவி, பிரபாவதி, உனக்கே தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சமையல் அம்மாவிடம் மிச்சத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஏடிஎம் வாசலில் அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த ரம்ம யாருக்குக் குடுத்தீங்க?"

திரும்பினார்.

"பக்கத்துல படுத்திருந்த ஒரிசாக்காரனுக்கு."

"சும்மாவா?"

"சும்மா இல்ல. அவனுக்கு ரேஷன்ல வர்ற கெட்டிப் பால் டப்பாவ எனக்குக் குடுப்பான். அதுக்கு முன்ன இருந்த எடத்துலயும் யாராவது ஒருத்தன்கிட்ட இப்படித்தான் மாத்திக்குவேன்."

ஒவ்வொரு லீவுக்கும் இவர் கொண்டு வருகிற டிரங்குப் பெட்டியில் துணி குறைவாகவும் பால் டப்பா நிறையவும் இருக்கும். இவர் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் மலர் கைக்குழந்தை, சவலை. எனக்குப் பால் பற்றவில்லை. அந்தக் கெட்டிப் பாலைக் கரைத்துக் கரைத்து ஊட்டித்தான் அவளை ஆளாக்கினேன். அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் டப்பா வருவது நிற்கவில்லை. காலி டப்பாக்கள் இன்றைக்கும் என் அடுப்படியில் இருக்கின்றன, கடுகும் மிளகும் மல்லாட்டையும் போட்டு. பட்டாளத்தில் எல்லாருக்கும் இவ்வளவு பால் கொடுப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத விசாரணைல சொல்றதுக்கு இன்னா?"

"ரேஷன மாத்திக்கினது தப்பு பிரபா. சொல்லியிருந்தா அவனுக்கும் தண்டனை. அதுவுமில்லாம நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். காகிதம் கொண்டாந்து சைன் பண்ணுன்னாங்க. பண்ணேன். அதுல இன்னா எழுதியிருந்துச்சோ."

"என்கிட்ட?"

"ஒன்கிட்ட இன்னான்னு சொல்றது? சாராயத்தத் தொடமாட்டேன்னு சொன்ன கையால தெனம் சாராயத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னா? அது வாக்க மீறினதா இல்லியான்னு எனக்கே தெரியல. பேப்பர் வந்தா நீ கேப்ப. அதான் வேணாம்னேன்."

நடுரோட்டில், ஏடிஎம் வாசலில், நான் அழுதேன். பணம் எடுக்க வந்த ஒரு பெண், "கார்டு மாட்டிக்கிச்சாக்கா?" என்று கேட்டாள். "வாயி மாட்டிக்கிச்சும்மா" என்றேன். அவரிடம் சொன்னேன், நேற்று சொன்ன வார்த்தைக்கு என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் என்று. "அறுத்தா வூடு ரொம்ப அமைதியா இருக்கும்" என்றார். அவர் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் தாளில் அந்த வரி அப்படியேதான் இருந்தது. ரம்மைக் கொடுத்தேன், பால் வாங்கினேன் என்று இப்போது போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? அந்த ஒரிசாக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், முந்தின நாள் பாதியில் நின்றுபோன எண்ணிக்கையை முடிக்க உட்கார்ந்தேன். என் புத்தி எண்ணாமல் அடங்காது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. அடுத்தது எட்டு. ஏழு இல்லை. கவரைக் கிழித்து உதறினேன். பாய்க்கு அடியில் பார்த்தேன். இல்லவே இல்லை. பட்டியலில் ஏழாவதாக என்ன எழுதியிருக்கிறது என்று மலரைக் கேட்டேன்.

"களத்துல குடுத்த முதலுதவிச் சீட்டுன்னு இருக்கும்மா. ஒரே பக்கம்."

மறுநாள் காலையில் திண்டிவனம். வெங்கடாசலம் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"மறுபடியுமா? ஒரு தடவ கேட்டதுக்கே கமிட்டிக்காரங்க கண்ணுல பட்டிருப்போம். ஒரே ஒரு பக்கம்மா. அதுல இன்னா இருக்கப் போவுது, கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன்னு இருக்கும்."

"முப்பது முட்டை எழுதி இருபத்தொம்பது வந்தா நான் வாங்க மாட்டேண்ணே. ஒம்போது எழுதி எட்டு அனுப்பியிருக்கான். ஏழாவது இணைப்பு வந்து சேரலைன்னு எழுதுங்க. கூடவே கமிட்டிக்கும் ஒண்ணு எழுதுங்க, கேட்டிருக்கிறோம், வந்ததும் அனுப்புறோம்னு."

எழுதினார். இரண்டிலும் அலெக்ஸ் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

மே முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. ஜூன் ஒன்று, இரண்டு என்று நான் விரல் விட்டேன். ஒன்பதாம் தேதி மெல்லிசாக ஒரு கவர் வந்தது. அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள், வீட்டில்தான் இருந்தார். உள்ளே ஒரே தாள். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. மலர் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

விழுந்த நேரம், தூக்கி வந்த நேரம். வலது முழங்கால், இடுப்பு. நாடித் துடிப்பு இவ்வளவு. காலுக்குப் பலகை வைத்துக் கட்டியது. வானிலை மோசம், ஹெலிகாப்டர் வரவில்லை.

"நினைவு இருக்கிறது. சாராய வாடை இல்லை" என்று அவள் படித்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"இரும்மா, இன்னும் இருக்குது." கண்ணைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். "குளிருக்கும் வலிக்கும் இரண்டு தடவை ரம் கொடுத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டார். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்."

அலெக்ஸ் கம்பை ஊன்றி ஜன்னல் பக்கம் வந்தார்.

"இன்னொரு தபா படிம்மா" என்றார் அலெக்ஸ்.

படித்தாள்.

"எனக்கு இது ஞாபகமே இல்லியே" என்றார். "கூடாரத்துல ஒரு நர்சிங் அசிஸ்டெண்ட் பையன் இருந்தான். மீசைகூட சரியா மொளைக்கல. என் கையைப் பிடிச்சிக்கினே ஒக்காந்திருந்தான், அவ்வளவுதான் தெரியும். நான் இன்னா பேசினேன்னு தெரியாது. அவன் எழுதி வெச்சிருக்கான் பாரு." அப்புறம், "இன்னொரு தபா" என்றார். நான்கு தடவை படிக்க வைத்தார். நான்காவது தடவை வாய்விட்டு அழுதார். எலும்பு நொறுங்கிக் கிடந்தபோதும் அழாத மனுஷன், என் மாமியாரைப் புதைத்த அன்றும் முகம் திருப்பி நின்ற மனுஷன், எங்கள் மகளின் முன்னால் அழுதார். தனக்கே ஞாபகம் நிற்காத நேரத்தில்கூட வாக்குத் தவறாதவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஏழாவதாக அது கிடந்திருக்கிறது, பதினோரு வருஷமாக. ஒருவனும் புரட்டிப் பார்க்கவில்லை.

அன்றே திண்டிவனம் போய், அந்தத் தாளோடு அனுப்பக் கடிதம் அடித்துக்கொண்டு வந்தோம். அவருக்கு முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் போடவில்லை.

"இரு. படிச்சிட்டுப் போடறேன்."

மலரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, புரியாத இடத்தில் மலரைக் கேட்டு, பதினைந்து நிமிஷம் படித்தார். ரேஷனை மாற்றிக்கொண்டதையும் தாமே ஒரு வரி எழுதச் சொன்னார். "அந்த ஒரிசாக்காரன் பேரு வேணாம். நான் பண்ண தப்ப நான் சொல்றேன்" என்றார். மறுபடியும் அடித்துக்கொண்டு வந்தோம். அப்புறம்தான் அந்த 'அ'வின் கொக்கி விழுந்தது. பதின்மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி அட்டையும் திரும்பி வந்தது.

அக்டோபர் மாசம், ஒரு சனிக்கிழமை காலையில், தபால்காரர் கிருஷ்ணசாமி வாசலில் மணி அடித்தார். பதிவுத் தபால். அலெக்ஸ் கம்பை ஊன்றிப் போனார். கிருஷ்ணசாமி சீட்டை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"இருங்க, படிச்சிட்டுப் போடறேன்."

"இதுல படிக்க இன்னா சார் இருக்குது? கவர வாங்கிக்கினேன்னுதான்."

"அதைத்தான் படிக்கிறேன்."

அனுப்பியவர், பெறுபவர், நம்பர், தேதி எல்லாவற்றையும் படித்தார். கிருஷ்ணசாமி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இன்னாம்மா, ஒங்க காத்து அடிச்சிடுச்சா?" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கவரைப் பிரித்து மலரிடம் கொடுத்தேன். அவள் கண்ணை ஓட்டினாள், வாயை மூடிக்கொண்டாள், பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள். சனிக்கிழமையாதலால் தெருவில் ஆட்கள் இருந்தார்கள். குழாயடியில் நான்கைந்து பெண்கள், எதிர் வீட்டில் சவரம் பண்ணிக்கொண்டிருந்த ஆள். யார் சொல்லி வந்தானோ, ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கோபியும் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வாம்மா, உக்காந்து படிக்கலாம்" என்றேன்.

"வேணாம்" என்றார் அலெக்ஸ். "இங்கியே நின்னு படி. சத்தமா படி."

மலர் வாசற்படியில் நின்று, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் படித்தாள். காயம் ராணுவப் பணியின்போது, பணியால் ஏற்பட்டது. மனுதாரர் மது அருந்தியிருந்தார் என்ற குறிப்பு, இணைப்பு ஏழின் அடிப்படையில் ஆதாரமற்றது. அது பதிவுகளிலிருந்து நீக்கப்படுகிறது.

குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் மூடவில்லை. கோபி தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா..." என்று ஆரம்பித்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன், வாயை மூடிக்கொண்டான். மலர் பென்ஷன் விவரம் இருந்த அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

நான் ஸ்டூலை எடுத்து வந்து என் வீட்டுக்காரருக்குப் பின்னால் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கையை விலாவோடு ஒட்டி நேராக நின்றார். வலது முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் படித்து முடிகிற வரைக்கும் அவர் உட்காரவில்லை.